கூண்டுக்கு முன் ஒரு கூட்டம்

நுழையும்முன்

ஒரு தடுப்பூசியின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஆய்வகத்தின் வாயிலிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்வாயிலுக்குள் கொண்டுவரப்பட்ட உயிர் எங்கே வாழ்ந்தது, அதனைப் பிடித்தவர் யார், பிடித்த இடத்தில் எஞ்சியது என்ன என்னும் வினாக்கள் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. வட இந்தியாவின் செம்முகக் குரங்குகளை முன்வைத்து அவ்வினாக்களைப் பின்தொடர்கிறது இப்பாடம்.

இலண்டனில் ஓர் இரவு

1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ நானூறு குரங்குகள் மூச்சுத் திணறி இறந்தன. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக்கொண்டிருந்தவை அவை. வழியில் காற்றோட்டமில்லாத வண்டியொன்றில் கூண்டுகளோடு அடைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொல்ல வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. அவை உயிரோடு இருந்தால்தான் விலை கிடைக்கும். உயிரோடு இருந்தால்தான் ஆய்வும் நடக்கும். எனினும் வண்டிக்குள் இருந்தவை சரக்காகக் கருதப்பட்டன. சரக்குக்கு மூச்சு உண்டு என்பது எவர் நினைவிலும் இல்லை.

செய்தி இந்தியாவில் பெருங்கொதிப்பை உண்டாக்கியது. அவ்வாண்டே இந்திய அரசு குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியது. ஆனால், அத்தடை நெடுநாள் நீடிக்கவில்லை. நீடிக்காமைக்குக் காரணமும் எளிதில் புறந்தள்ளக் கூடியதன்று.

அன்று உலகை அச்சுறுத்திய நோய்களுள் ஒன்று இளம்பிள்ளை வாதம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள் இரும்பு உருளைகளுக்குள் கிடத்தப்பட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, எந்திரத்தின் துணையால் மூச்சுவிட்டனர். இந்நோய் ஒரு வைரசால் வருகிறது என்பதை 1908இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னரும் எர்வின் பாப்பரும் குரங்குகளின் வழியாகவே நிறுவினர். ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசிக்கான வைரஸ், குரங்கின் சிறுநீரகத் திசுவில் வளர்க்கப்பட்டது. 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்ற கள ஆய்வுக்குப் பின், 1955 ஏப்ரல் 12 அன்று அத்தடுப்பூசி பயன் தருவது என அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியை ஆக்கவும் சோதிக்கவும் புதிய புதிய குரங்குகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு அன்று உலகம் நாடிய முதன்மையான இடம் இந்தியா.

இலண்டனில் இறந்த குரங்குகளுக்காக நெஞ்சு பதைப்பவரும், இரும்பு உருளைக்குள் கிடந்த குழந்தையைக் கண்டால் சொல்லிழந்து நிற்பர். இவ்விரு காட்சிகளுள் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் காட்டுவோர் இரு தரப்பிலும் உளர். இரண்டையும் ஒருசேரக் காண்பதே கடினம்.

மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசி ஆக்கத்துக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரக்கத்தோடு நடத்த வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் இந்தியாவை விட்டு வெளியேறின.

எண்ணிக்கையில் விழுந்த பள்ளம்

செம்முகக் குரங்கு அடர்காட்டில் மட்டும் வாழும் உயிரன்று. உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர்கள், கோவில்கள், வாய்க்கால் கரைகள், சாலையோர மரங்கள், தொடர்வண்டி நிலையங்கள் எனப் பலவிடங்களிலும் மனிதரை ஒட்டியே வாழ்வது. மனிதரைக் கண்டு ஓடாமை அதன் இயல்பு. அவ்வியல்பே அதனைப் பிடிப்பதை எளிதாக்கியது. தானியத்தைத் தூவி, அது பழகும்வரை காத்திருந்து, வலையையோ பொறிக்கூண்டையோ விழச் செய்தால் போதும். உண்பதற்குக் கூட்டமாக வரும் உயிர் கூட்டமாகவே சிக்கியது.

இவ்வாறு பிடிக்கப்பட்டவற்றின் விளைவை முதலில் எண்ணிக் கணக்கிட்டவர்கள் அமெரிக்க விலங்கியலாளர் சார்லஸ் சவுத்விக்கும், அவருடன் பணியாற்றிய மிர்சா அசர் பெக், எம். ரபீக் சித்திக்கி ஆகியோரும் ஆவர். வட இந்தியாவின் ஊர்களிலும் நகரங்களிலும் கோவில்களிலும் சுற்றிக் குரங்குகளை எண்ணி, 1961இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும் அவர்களைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. கூட்டங்களில் முதிர்ந்த குரங்குகள் இருந்தன. தாயின் வயிற்றைப் பற்றிய சிறு குட்டிகளும் இருந்தன. இவற்றுக்கு இடைப்பட்ட இளம்பருவக் குரங்குகள் மிகக் குறைவாக இருந்தன. ஒரு பள்ளியின் நடு வகுப்புகள் மட்டும் வெறுமையாகக் கிடப்பதைப் போன்றது இது. கூண்டில் அடைக்கவும் விமானத்தில் ஏற்றவும் ஏற்றவை என்று வணிகர் விரும்பிக் கேட்டவை அந்த இளம்பருவத்தினவே.

குறைவுக்கு ஏற்றுமதி மட்டுமே காரணம் என்று கூறுதல் நேர்மையாகாது. விளைநிலங்கள் விரிந்தன, சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன, பயிரை அழிக்கும் குரங்கின்மீது உழவர் கொண்டிருந்த பொறுமையும் குறைந்தது. ஆயினும் இளையவற்றைத் தொடர்ந்து இழக்கும் கூட்டம், வேறு எந்த இழப்பிலிருந்தும் மீண்டெழ இயலாது. இன்று பிடிக்கப்படும் இளம் குரங்கு, நாளை பிறக்க வேண்டியவற்றையும் தன்னோடு கூண்டுக்குள் கொண்டுசெல்கிறது.

தெரிந்து தெளிவோம்
குரங்கினத்தின் ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் வழங்குதல் தமிழ் மரபு. தொல்காப்பிய மரபியல், குரங்கின் இளமைக்குக் குட்டி என்பதோடு மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு ஆகிய பெயர்களையும் உரிமையாக்குகிறது. இவற்றுள் மகவும் பிள்ளையும் மனிதக் குழந்தைக்கும் உரிய பெயர்கள்.

பிடிபடுவது ஒன்று, குலைவது கூட்டம்

செம்முகக் குரங்குக் கூட்டத்தின் முதுகெலும்பு தாய்வழி உறவு. மந்தி தான் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து அங்கேயே இறக்கிறது. கடுவன் பருவம் எய்தியதும் வேறு கூட்டத்தைத் தேடிச் செல்கிறது. ஒவ்வொரு மந்திக்கும் கூட்டத்தில் ஓர் இடம் உண்டு. மகளின் இடம் தாயின் இடத்தைப் பொறுத்தது. உடன்பிறந்த மகளிருள் இளையவளே மூத்தவளைவிட உயர்ந்த இடத்தைப் பெறுவாள் என்பது வியப்புக்குரிய செய்தி. சண்டையில் தாய் இளையவளின் பக்கம் நிற்பதே அதற்குக் காரணம். உணவுக்கு முந்துவது, பேன் பார்ப்பது, பகைவரை எதிர்ப்பது ஆகிய யாவும் இவ்வுறவின் வழியே நடக்கின்றன.

இத்தகைய கூட்டத்திலிருந்து உயர்நிலை மந்தி ஒன்றைப் பிடித்துச் சென்றால், குறைவது ஓர் எண்ணிக்கை மட்டுமன்று. அதன் மகளிர் தம் துணையை இழக்கின்றனர், ஒழுங்கு குலைகிறது, பூசல் தொடங்குகிறது. பாலூட்டும் மந்தி பிடிபட்டு அதன் குட்டி வெளியே நின்றுவிட்டால், அக்குட்டி பிழைப்பது அரிது. ஆய்வகத்தின் பதிவேட்டில் 'ஒன்று' என எழுதப்படும் இடத்தில், மரத்தடியில் எஞ்சும் கணக்கு வேறாக இருக்கிறது. ஆப்பிரிக்காவில் சிம்பன்சிக் குட்டிகளைப் பிடித்தவர்கள் தாயைச் சுட்டுக் கொன்ற பின்னரே குட்டியைக் கைப்பற்றினர்; அங்கு இக்கணக்கு ஒளிவுமறைவின்றியே தெரிந்தது.

பிடிபட்ட குரங்கின் உடலும் தப்புவதில்லை. வலைக்குள் நிகழும் கடும் போராட்டத்தால் தசைகள் சிதைவுறுவதுண்டு. வெளிக்காயம் ஏதுமின்றி, சில நாட்கள் கழித்து விலங்கு இறந்துபோவதும் உண்டு. மயக்க ஊசி வந்தபின் போராட்டம் குறைந்தது. இடர் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஊசி பட்டதும் குரங்கு மரத்தில் ஏறுகிறது. மயங்கும்போது உயரத்திலிருந்து விழுகிறது. எடையைத் தவறாக மதிப்பிட்டால் மருந்தின் அளவும் தவறுகிறது. தாயின்மீது எய்த ஊசி, மார்பைப் பற்றியிருக்கும் குட்டியின்மீதும் படலாம். ஆகவே, மரத்தின் கீழ் வலை விரிப்பதும், குட்டியை ஏந்திய மந்தியை விட்டுவிடுவதும், மயக்கம் தெளிந்து கூட்டத்தோடு சேரும்வரை காவல் இருப்பதும் களப்பணியின் அடிப்படை ஒழுக்கங்களாயின.

இருபுறமும் வெட்டும் வாள்

குரங்கைப் பிடிப்பதன் இடர் குரங்குக்கு மட்டும் உரியதன்று. 1932இல் அமெரிக்காவில் வில்லியம் பிரெப்னர் என்னும் இளம் மருத்துவர், ஆய்வுக்குரிய செம்முகக் குரங்கு ஒன்றால் கடிபட்டார். காயம் சிறியது. சில நாட்களுக்குள் நோய் தண்டுவடத்தையும் மூளையையும் தாக்க, அவர் உயிரிழந்தார். அவர் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ், அவர் பெயரின் முதலெழுத்தால் 'பி வைரஸ்' என அழைக்கப்படுகிறது. பிற்காலத்தில் வாய்வழி இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தை உருவாக்கிய ஆல்பர்ட் சாபின், தம் இளமையில் இவ்வைரசை ஆராய்ந்தவர்களுள் ஒருவர்.

இவ்வைரஸ் செம்முகக் குரங்குகளிடம் இயல்பாகவே உள்ளது. அவற்றுக்கு அது வாய்ப்புண் அளவிலான சிறு தொல்லை. மனிதருக்கோ, உரிய மருத்துவம் கிடைக்காவிடில், பெரும்பாலும் உயிர்க்கொல்லி. இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. குரங்கின் உடலில் உறங்கிக்கிடக்கும் இவ்வைரஸ், அது அச்சத்துக்கும் அலைக்கழிப்புக்கும் உள்ளாகும்போது விழித்தெழுந்து உமிழ்நீரில் வெளிப்படுகிறது. பிடித்தல், அடைத்தல், ஏற்றுதல் ஆகிய யாவும் அவ்வலைக்கழிப்பின் வடிவங்களே. குரங்கை மிகுதியாகத் துன்புறுத்துபவர், தமக்கு நேரக்கூடிய ஆபத்தையும் மிகுவித்துக்கொள்கிறார்.

நோய் எதிர்த்திசையிலும் பாய்கிறது. இயற்கைச் சூழலில் வாழும் குரங்குகளிடம் காசநோய் அரிது. பிடித்தவரிடமிருந்தும் அடைத்து வைத்த இடத்திலிருந்தும் அது குரங்குக்குத் தொற்றி, நெருக்கமான கூண்டுகளில் விரைந்து பரவுகிறது. அதனால், புதிதாக வந்த குரங்குகளைத் தனிமைப்படுத்தி, மேலிமையில் மருந்தைச் செலுத்திச் சோதிப்பது வழக்கமாயிற்று. இமை வீங்கினால், மீண்டும் பிடிக்காமல் தொலைவிலிருந்தே அதனைக் காண இயலும்.

1967இல் செருமனியின் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும் யூகோசுலாவியாவின் பெல்கிரேடிலும் ஆய்வகப் பணியாளர்களிடையே முன்னர் அறியப்படாத கொடுங்காய்ச்சல் ஒன்று தோன்றியது. உகாண்டாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பச்சைக் குரங்குகளின் உறுப்புகளைக் கையாண்டவர்கள் முதலில் வீழ்ந்தனர். மொத்தம் 31 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தனர். மார்பர்க் வைரஸ் உலகுக்கு அறிமுகமானது இவ்வாறுதான். அக்குரங்குகள் எதற்காக வரவழைக்கப்பட்டன என்பதையும் மறத்தலாகாது: தடுப்பூசிக்கான திசுவுக்காகவே.

இவற்றுக்கும் முன்பே, 1960இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டிருந்தது. தடுப்பூசிக்குப் பயன்பட்ட குரங்குச் சிறுநீரகத் திசுவில், எஸ்வி40 எனப் பெயரிடப்பட்ட வைரஸ் மறைந்திருந்தது. 1955 முதல் 1963 வரை வழங்கப்பட்ட தடுப்பூசிகளுள் ஒரு பகுதியில் அது கலந்திருந்தது. அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கியது என்பது நிறுவப்படவில்லை. எனினும் அவ்வச்சம் நெடுங்காலம் நீடித்தது. வெவ்வேறு இடங்களில் பிடித்த, வரலாறு தெரியாத விலங்குகளை ஒன்றாக அடைத்து, அவற்றின் உறுப்பைக் கொண்டு மருந்து செய்தால், அம்மருந்துக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? குரங்கின்மீது பரிவு கொள்ளாதவரும் இவ்வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். காட்டிலிருந்து பிடித்த விலங்கின் வயது தெரியாது. அது முன்பு கண்ட நோய்கள் தெரியாது. அச்சத்தால் நிலைகுலைந்த உடலில் எடுக்கப்படும் அளவுகள், நலமான உடலின் அளவுகளாக இருப்பதில்லை. அறம் தடுக்கும் செயலை அறிவியலும் ஐயுறும் இடம் இது.

மீறப்பட்ட நிபந்தனை

1970களில், இந்தியாவிலிருந்து சென்ற குரங்குகளுள் சில, அமெரிக்கப் படைத்துறையின் கதிரியக்க உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் நியூட்ரான் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. கதிர்வீச்சுக்கு ஆளான பின் ஓர் உயிரால் எவ்வளவு நேரம் உழைக்க முடியும் என்பதை அறிவதற்காக, அவை சுழலும் உருளைக்குள் ஓட வைக்கப்பட்டன. குழந்தைகளைக் காக்க என்று பெறப்பட்ட உயிர், போர்க்கருவியின் விளைவை அளக்கப் பயன்பட்டது. ஷெர்லி மெக்கிரீல் தொடங்கிய பன்னாட்டு முதனிகள் பாதுகாப்புக் கழகம் இதனை இந்தியப் பத்திரிகைகளுக்கும் பிரதமர் மொரார்ஜி தேசாய்க்கும் எடுத்துரைத்தது. 1977 திசம்பரில் தடை அறிவிக்கப்பட்டது. 1978 ஏப்ரல் முதல் நாளிலிருந்து செம்முகக் குரங்கு ஏற்றுமதி முற்றிலும் நின்றது.

மருத்துவ ஆய்வு நிலைகுலையும் என்னும் அச்சக்குரல்கள் அப்போது எழுந்தன. நிலைகுலையவில்லை. அமெரிக்கா தன் நாட்டிலேயே குரங்குகளை வளர்த்துப் பெருக்கும் இடங்களை விரிவாக்கியது. ஒரே குரங்கிலிருந்து பெறக்கூடிய அறிவைத் திட்டமிட்டுப் பெறவும் பழகியது. இலவசமாகக் கிடைத்த தண்ணீருக்கு விலை வைத்ததும் குழாய் ஒழுகுவது கண்ணில் படுவதைப் போன்றதே இது. விலங்காய்வில் மாற்று தேடல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் ஆகிய மூன்று நெறிகளை ரசலும் பர்ச்சும் தம் நூலில் 1959லேயே எடுத்துரைத்திருந்தனர். இந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கில் குரங்குகள் சென்றுகொண்டிருந்த காலம் அது.

மாற்றும் அதற்குள் பிறந்துவிட்டிருந்தது. 1962இல் சப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்கள், கண்ணாடிக் கலத்தில் ஓயாது பெருகின. 'பச்சைச் சிறுநீரகம்' எனப் பொருள்படும் எசுப்பெராண்டோ சொற்களின் சுருக்கமாக அவற்றுக்கு 'வெரோ' எனப் பெயரிட்டனர். அம்மொழியில் அச்சொல்லுக்கு 'உண்மை' என்றும் பொருள் உண்டு. அந்த ஒரு குரங்கின் உயிரணுக்களே இன்றும் உலகின் பல தடுப்பூசித் தொழிற்கூடங்களில் வாழ்கின்றன.

கூண்டில்லாத ஆய்வுக்கும் வழி இருந்தது. 1938இல் அமெரிக்க விலங்கியலாளர் கிளாரன்ஸ் கார்ப்பென்டர், இந்தியாவில் பிடித்த 409 செம்முகக் குரங்குகளைக் கப்பலில் கொண்டுசென்று, புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவில் விடுவித்தார். தொடக்கத்தில் வன்மையாகப் பூசலிட்ட அவை, மெல்லமெல்லப் புதிய கூட்டங்களாயின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. தாய்வழி உறவு பற்றி மேலே கண்ட செய்திகளுள் பல, அத்தீவில் தலைமுறை தலைமுறையாகக் குரங்குகளைப் பெயர் சொல்லி அறிந்து குறிப்பெடுத்தவர்களின் உழைப்பால் கிடைத்தவை. இதுவும் பிடித்தலிலிருந்தே தொடங்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

நாகபுரிக் காட்டில்

இவ்வினாக்கள் கடந்த காலத்தவை என்று கருதுவோரை 2020ஆம் ஆண்டு திருப்பி நிறுத்தியது. கொரோனா பெருந்தொற்றின்போது, இந்தியாவில் உருவான கோவாக்சின் தடுப்பூசியை மனிதருக்குச் செலுத்தும் முன் குரங்குகளில் சோதிக்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட, உரிய வயதுடைய செம்முகக் குரங்குகள் நாட்டில் கிடைக்கவில்லை. ஊரடங்கால் மனிதர் நடமாட்டம் குறைந்து உணவு அரிதாகவே, ஊரை ஒட்டி வாழ்ந்த குரங்குகள் காட்டின் உட்பகுதிக்குள் சென்றுவிட்டிருந்தன. மகாராட்டிர வனத்துறையின் துணையோடு பல நாட்கள் தேடி, நாகபுரிப் பகுதியில் அவை கண்டறியப்பட்டன. மனிதரிடமிருந்து தொற்று குரங்குகளுக்குப் பரவிவிடாதிருக்க, அவற்றைக் கையாண்டோர் சோதிக்கப்பட்டனர்.

இருபது குரங்குகள் புனேயில் உள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆராயப்பட்டன. தடுப்பூசி பெற்றவை நோயிலிருந்து காக்கப்பட்டன. பெறாத குழுவில் நுரையீரல் பாதிப்பு காணப்பட்டது. 2021இல் முடிவுகள் வெளியாயின. தடுப்பூசி கோடிக்கணக்கானோருக்குச் செலுத்தப்பட்டது. அத்தடுப்பூசிக்கான வைரஸ் வளர்க்கப்பட்டது, முன்னர்க் கண்ட வெரோ உயிரணுக்களில். 1962இன் ஒரு குரங்கும் 2020இன் இருபது குரங்குகளும் ஒரே குப்பிக்குப் பின்னால் நிற்கின்றன. முன்னது ஆண்டுதோறும் பிடிக்கப்பட்டிருக்கக்கூடிய எண்ணற்றவற்றின் இடத்தை நிரப்பியது. பின்னவை, நிரப்பப்படாத இடம் இன்னும் இருப்பதைக் காட்டின.

உலகம் வெறும் இலட்சங்களிலிருந்து இருபதுக்கு வந்துவிட்டது என்று மகிழ்வதற்கும் இல்லை. தென்கிழக்காசியாவின் நீண்டவால் குரங்கு ஆய்வுக்காகப் பெருமளவில் வணிகம் செய்யப்படும் இனம். அது 2022இல் அழியும் இடர் மிகுந்த இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, காட்டில் பிடித்த விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதை 2010ஆம் ஆண்டின் நெறிமுறையால் பொதுவில் விலக்கியது. வளர்ப்பிடத்திற்கு வேண்டிய தாய்க்குரங்குகளைக்கூடக் காட்டிலிருந்து தொடர்ந்து எடுக்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும் என்பது அதன் நோக்கம். பெருந்தொற்று வரும் நாளில் வலையோடு காட்டுக்குள் ஓடுவதைக் காட்டிலும், வராத நாட்களில் நலமான வளர்ப்பிடங்களை அமைத்து வைப்பது செலவு மிக்கது. பெயர் வாங்கித் தராதது. ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டுவது.

நாகபுரிக் காட்டில் பிடிபட்ட குரங்குகள் எந்தெந்தக் கூட்டங்களைச் சேர்ந்தவை, அவற்றுள் எது எதன் மகவு என்பது பொதுமக்கள் அறிந்த செய்தியாக இல்லை. சவுத்விக்கும் அவர் துணைவர்களும் அறுபது ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் மரத்தடிகளில் நின்று செய்ததைப் போல, வலை விழுந்தபின் எஞ்சியவற்றை எண்ணச் செல்வோர் இன்றும் தேவைப்படுகின்றனர்.